விசிலுக்குப் பிறகு மூன்றரை அடி

மாலை நாலு பத்து. எனக்கு முன்னால் முப்பத்தேழு பேர். சவப்பெட்டிக்குள் வால்டர் கோசக்.

எண்ணிவிட்டுத்தான் வரிசையில் நின்றேன். பாதி ஆயுள் ஃபிலிமை அடிக்கணக்கிலும் ஃபிரேம் கணக்கிலும் எண்ணியவன் எதைப் பார்த்தாலும் எண்ணத்தான் செய்வான். ஆளுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்தால் நாலு நாற்பத்தேழுக்கு நான் வால்டரின் மனைவி டாட்டியின் எதிரே நிற்பேன். அதற்குள் முடிவு செய்ய வேண்டும். கோட்டின் வலது பையில் நூறடி ஃபிலிம் டப்பா இருக்கிறது, தகரம், உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது. உள்ளே பத்தொன்பது துண்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி, ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளை டேப் ஒட்டித் தேதி எழுதியது. முதல் துண்டு வெளியே வரும்படி நேற்று மத்தியானம் திருப்பிச் சுற்றினேன். அப்படியென்றால் நேற்றே முடிவு செய்துவிட்டேன் என்றுதான் அர்த்தம். ஆனால் இன்று காலை மறுபடியும் முடிவு செய்யாதவனாக எழுந்தேன். என் மனைவி எப்சி என் வலது கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் முழங்கை டப்பாவின் மேல் அழுந்துகிறது. தெரிந்துதான் அழுத்துகிறாள். "குடுக்காண்டாம்," என்று காரில் வரும்போதே சொல்லிவிட்டாள். "செத்தவரு போயாச்சு. அவளுக்க நெஞ்சில இனி என்னத்துக்குக் கல்லத் தூக்கிப் போடணும்? குடுத்தா அவ நம்மள விட்டுப் போயிருவா, பாத்துக்கிடுங்க." எப்சிபாய்க்கு இந்த ஊரில் நாற்பது வருஷத்தில் தோழி என்று ஒருத்திதான். பனியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது டாட்டி. மூத்தவன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தது டாட்டி. நான் அன்றைக்கு அணியோடு வெளியூரில், யாரோ இருபத்திரண்டு பேர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வதை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

முப்பத்துமூன்று பேர். கால் வலிக்கிறது. கம்பளத்தில் லில்லிப் பூ வாடை, பக்க அறையிலிருந்து காபி வாடை, இரண்டுக்கும் அடியில் வேறு ஏதோ மருந்து. எனக்கு அது ஃபிலிம் கழுவுகிற ஹைப்போ மாதிரி இருக்கிறது. எந்த மருந்து வாடையும் எனக்குக் கடைசியில் ஹைப்போவாகத்தான் வந்து சேரும். வடபழனி லேபில் ஒன்பது வருஷம் மூக்கில் ஏறியது, லேக்போர்ட் ஸ்டேடியத்தின் நிலவறையில் பதினாறு வருஷம். ஸ்டோக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி என்னை எடுத்தது எழுபத்திரண்டில். ஸ்டோக்கர் என்றால் உலைக்கு நிலக்கரி தள்ளுகிறவன். ஊரே உருக்காலை ஊர், அணிக்கும் அந்தப் பெயர். ஆட்டத்தைக் கூரைமேலிருந்து பதினாறு மில்லிமீட்டரில் படம் பிடிப்பார்கள். அதைக் கழுவி, தாக்குகிற ஆட்டம் ஒரு சுருள், தடுக்கிற ஆட்டம் ஒரு சுருள், உதைக்கிற ஆட்டம் ஒரு சுருள் என்று பிரித்து ஒட்டி, திங்கள் காலை எட்டு மணிக்குப் பயிற்சியாளர்கள் மேஜையில் வைக்க வேண்டும். அவர்கள் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒவ்வொரு மோதலுக்கும் கூட்டல் அல்லது கழித்தல் போடுவார்கள். கழித்தல் கூடினால் செவ்வாய்க்கிழமை உதவியாளர் ஒருவர் வந்து, "கோச் கூப்பிடுகிறார், உன் ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா" என்பார். புத்தகத்தோடு போனவன் திரும்பி வரமாட்டான். அந்த உதவியாளர் சாப்பாட்டு மேஜைக்கு உப்பு கேட்டு வந்தால்கூட தட்டில் மலைபோல் குவித்து வைத்திருக்கிறவர்கள் முள்ளைக் கீழே போட்டுவிடுவார்கள். முதல் நாள் நான் பெட்டியோடு நிலவறைக்கு இறங்கும்போது படிக்கட்டை அடைத்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். வால்டர், நூற்றுப் பதினைந்து கிலோ. கழுத்து என்று ஒன்று தனியாக இல்லை. "இதுக்கு முன்னாடி எங்கே வேலை பார்த்தே?" "மெட்ராஸ். சினிமா லேப்." "சினிமாவா? டேய், ஹாலிவுட் வந்திருக்கான்டா!" அன்றைக்கு விழுந்த பெயர். சம்பளச் சீட்டில் மட்டும் ஞானசிகாமணி. வால்டர் கோசக் என் பெயரை ஒரே ஒரு முறைதான் முழுசாகச் சொன்னான், என் கல்யாண நாள் விருந்தில், ஆறு பியருக்குப் பிறகு, கடிதம் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி.

"ஹாலிவுட்!" வரிசை மடங்குகிற இடத்தில், எனக்குப் பன்னிரண்டு பேர் முன்னால் நிற்கிற கிளாரன்ஸ் மேஃபீல்ட் திரும்புகிறான். கைத்தடி. ஒரு காலத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் படத்தில் அவன் கால் கலங்கலாகத்தான் விழும். "நீ இன்னும் சாகலையா?" "உனக்கு முன்னாடி போக எனக்கு அனுமதி கிடையாது," என்கிறேன். சிரிக்கிறான். சிரிக்கும்போது பழைய கிளாரன்ஸ். "டாக்டரை நினைச்சுக்கிட்டேன் இப்போ. விரல் டாக்டர்." எனக்கும் சிரிப்பு வருகிறது, சாவு வீட்டில். அணி டாக்டர் ஒருவர் இருந்தார். தலையில் அடிபட்டு வந்தவன் முகத்துக்கு எதிரே கையை நீட்டி எத்தனை விரல் என்று கேட்பார். சரியாகச் சொன்னால் மறுபடி உள்ளே. "பதினோரு வருஷம் ஹாலிவுட், பதினோரு வருஷமும் அந்த ஆள் ரெண்டு விரல்தான் காட்டினாரு. புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துடுவோம். சாப்பாடு அந்தப் பக்கம், கக்கூஸ் இந்தப் பக்கம், டாக்டர் கேட்டா ரெண்டு." அவனுக்கு முன்னால் நிற்கிற அம்மாள் திரும்பிப் பார்க்கிறாள். கிளாரன்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வால்ட் ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டே ரெண்டுன்னான்," என்கிறான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கைத்தடியின் பிடியைப் பார்க்கிறான். இருபத்தேழு.

எனக்கும் மறதி வருகிறது. அதுதான் பயம். போன வாரம் எப்சியின் தம்பி பெயர் கால் மணி நேரம் வரவில்லை. வந்தபோது எனக்கு வியர்த்திருந்தது. அதிலிருந்து தினமும் ஒரு முறை எழுபத்தேழாம் வருஷத்து முன்வரிசையை இடமிருந்து வலமாகச் சொல்லிப் பார்க்கிறேன்: ஹோவர்ட், கோசக், பிளங்கெட், டிமார்க்கோ, ஆல்ஸ்டன். வேதபாட வகுப்பில் பத்துக் கட்டளை சொன்ன வேகம் வந்தால் அன்றைக்கு நிம்மதி. இந்த ஐந்து பேரும் பந்தைத் தொடவே மாட்டார்கள். எதிரே நிற்கிறவனைத் தலையால் முட்டித் தள்ளி, பின்னால் வருகிறவனுக்கு வழி உண்டாக்குவதுதான் வேலை. கிடா முட்டு. ஊர் கைதட்டுவது பந்தோடு ஓடினவனுக்கு. என் படத்தில் மட்டும்தான் இந்த ஐந்து பேர் நடுவில் நிற்பார்கள். ஒரு ஆட்டத்தில் எழுபது முட்டு, ஒரு பருவத்தில் பதினாலு ஆட்டம், பதினோரு வருஷம், பயிற்சியைச் சேர்க்காமல். பெருக்கிப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். முட்டி முடித்ததும் விசில். படத்தில் சத்தம் கிடையாது. நடுவரின் கை மேலே போவதுதான் எனக்கு விசில். தலைமைப் பயிற்சியாளர் பிராண்ட் சேர்ந்த வாரமே சொன்னார்: "விசிலுக்குப் பிறகு எனக்கு ஒண்ணும் வேண்டாம். மாடு கொட்டிலுக்குத் திரும்பறதைப் பார்க்க எனக்கு நேரமில்லை. வெட்டு." நான் அப்படியே வெட்டவில்லை. வடபழனியில் எந்த ஷாட்டுக்கும் பின்னால் கொஞ்சம் மூச்சு விடுவோம். இரண்டு விநாடி, நாற்பத்தெட்டு ஃபிரேம். விழுந்தவன் எழுந்திருப்பது தெரியும், அவ்வளவுதான். பிராண்ட் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டிய மிச்சம் மூன்று அடி, மூன்றரை அடி இருக்கும். அதை நான் குப்பையில் போட்டதும் இல்லை. வடபழனியில் படம் வெளியாகும்வரை ட்ரிம் என்கிற வெட்டுத் துண்டு எதையும் எறியக்கூடாது. ஹீரோ நாளைக்கு வந்து என் சிரிப்பு ஒன்று இருந்ததே எங்கே என்பார். தேதி போட்டுத் தொங்கவிட வேண்டும். அந்தப் பழக்கம். இங்கே ஒரு ஹீரோவும் வந்து கேட்கவில்லை. ஒருத்தன் மட்டும் வந்து, இதை யாருக்கும் காட்டாதே என்றான்.

இருபத்துமூன்று. அது எழுபத்தேழு, அக்டோபர் இருபத்துமூன்று. வீட்டு ஆட்டம், நாலு மணிக்கு முடிந்தது. ஆறு மணிக்கு வால்ட் நிலவறைக்கு இறங்கி வந்தான். அதில் அதிசயம் இல்லை. அந்த வருஷம் முழுக்க ஆட்டம் முடிந்தால் வருவான். மற்றவர்கள் போலந்துக்காரர் மண்டபத்துக்குப் பொல்கா ஆடப் போய்விடுவார்கள், கிளாரன்ஸ் உட்பட. கறுத்த பிள்ளை ஒருத்தன் பொல்கா ஆடுவதைப் பார்க்கவே ஆலைக்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள். வால்ட் மட்டும் என் இருட்டறையில், மருந்துக் கேன் மேல் உட்கார்ந்திருப்பான். ஃபிலிம் மெஷினில் ஓடுகிற சத்தம் மட்டும் இருக்கும். நான் வடபழனிக் கதை சொல்வேன். மழைக் காட்சிக்குத் தண்ணீர் லாரி வராமல் நடிகையின் தலையில் நாங்கள் வாளியால் ஊற்றிய கதையை அவன் பத்துத் தடவையாவது கேட்டிருப்பான். ஒவ்வொரு தடவையும், "எத்தனை வாளி?" என்பான். எனக்கு அப்போது வயது முப்பத்தாறு, ஊரில் பேச ஆள் இல்லை, எப்சியோடு பேசினால் சண்டை. இந்த மலை மாதிரி ஆள் என் இருட்டில் வந்து உட்காருவது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. நல்ல நாட்கள். இன்றைக்கும் அந்த மெஷின் சத்தம் காதில் விழுந்தால் தூங்கிவிடுவேன். ஆனால் "இங்கே இருட்டா இருக்கு ஹாலிவுட், நல்லா இருக்கு," என்று அவன் சொன்னதை நான் என்னவென்று எடுத்துக்கொண்டேன்? வெளிச்சம் அவனுக்குக் கண்ணில் ஊசி குத்துவதுபோல் இருந்திருக்கிறது. அதற்காக வந்திருக்கிறான். எனக்காக வந்தானா, இருட்டுக்காக வந்தானா? இருபது வருஷமாக இந்த ஒரு கேள்வியில் போய்ப் போய் முட்டுகிறேன். இரண்டுக்காகவும் வந்திருக்கலாம். எப்சி அப்படித்தான் சொல்கிறாள். எப்சிக்கு எதிலும் இரண்டும் இருக்கலாம்.

அன்றைக்கு ஃபிலிமை வியூவரில் உருட்டிக்கொண்டிருந்தேன். அன்றைய ஆட்டத்தின் நாற்பத்தோராவது மோதல். வால்ட் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் ஓடிப் போய் எதிரணி ஆளை நேருக்கு நேர் தலையால் முட்டுகிறான், இருவரும் விழுகிறார்கள், நடுவர் கை போகிறது, விசில். வால்ட் எழுந்திருக்கிறான். நன்றாகத்தான் எழுந்திருக்கிறான். பிறகு நிதானமாக நடந்துபோய் எதிரணிக்காரர்கள் வட்டம் கூடி நிற்கிற இடத்தில், கறுநீலச் சட்டைகளுக்கு நடுவே, இவன் ஒருத்தன் வெள்ளைச் சட்டை, அறுபத்தாறாம் நம்பர், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்கிறான். அடுத்த மோதலுக்கு என்ன திட்டம் என்று அவர்கள் சொல்லக் காத்திருக்கிறான். எதிரணிக்காரன் ஒருவன் இவன் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் விடுகிறமாதிரி முதுகில் தட்டி, எங்கள் பக்கம் அனுப்புகிறான். மூன்றரை அடி. வால்ட் என் தோளுக்குமேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சு என் காதில். "அதை மறுபடி போடு." போட்டேன். "நான் அவங்க ரகசியத்தைத் திருடப் போனேன்னு எழுதிக்க." நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "ஹாலிவுட், கோச் விசிலோட வெட்டத்தானே சொல்லியிருக்கார்?" "ஆமா." "அப்போ விசிலோட வெட்டு. எனக்கு ஆட்டம் போச்சுன்னா உருக்காலைதான். ஆலையும் அடுத்த வருஷம் இருக்காதுங்கிறாங்க." அது ஒரு வேண்டுதல் மாதிரியே இல்லை. என் மேலதிகாரி சொன்னதை என்னிடம் திருப்பிச் சொன்னான். அவ்வளவுதான். நாற்பத்தெட்டு ஃபிரேமையும் சேர்த்து வெட்டினேன். டேப் ஒட்டினேன். தேதி எழுதினேன். அந்த டேப்தான் இப்போது டப்பாவில் வெளியே வருகிறமாதிரி இருக்கிறது.

பதினேழு. டாட்டியின் குரல் இப்போது கேட்கிறது. தாழ்ந்த, தட்டையான குரல், கடைக் கணக்கு ஒப்பிக்கிற குரல். கறுப்பு உடையில் சின்னதாக இருக்கிறாள். பெட்டிக்கு இரு பக்கமும் உயரமான விளக்கு, ரோஜா நிறக் குமிழ், செத்தவர் முகத்தில் ரத்தம் இருப்பதுபோல் காட்ட. எவனோ ஒளிப்பதிவு தெரிந்தவன் வைத்திருக்கிறான். அவள் ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஒன்றையே சொல்கிறாள்: "வந்ததுக்கு நன்றி. நான்தான் ஏறச் சொன்னேன், தெரியுமில்லையா. ஏணியில் நான்தான் ஏறச் சொன்னேன்." அவர்கள், ஐயோ டாட்டி அப்படிச் சொல்லாதே, என்கிறார்கள். அடுத்த ஆள். "வந்ததுக்கு நன்றி. நான்தான் ஏறச் சொன்னேன்." தொண்ணூற்றாறாம் வருஷம் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கூரை ஓரத் தண்ணீர்க் குழாயில் இலை அடைத்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். வால்ட் ஏறினான், நாலாவது படியிலிருந்து விழுந்தான், தலை சிமெண்டில். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. அடுத்த வருஷம் சாவியை ஃபிரிட்ஜில் வைத்தான். அதற்கடுத்த வருஷம் மகளை யாரென்று கேட்டான். ஐம்பத்தைந்து வயதில் என் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, ஆட்டம் எத்தனை மணிக்கு, எல்லாரும் எங்கே, என்றான். ஸ்டேடியத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கி ஆறு வருஷம். அணி ஊரை விட்டே போய்ப் பன்னிரண்டு. நான் அவனைக் கூட்டிக்கொண்டு போய் என் வீட்டு நிலவறையில், விளக்கை அணைத்துவிட்டு, உட்கார வைத்தேன். எத்தனை வாளி என்றான். எல்லாம் மறந்தவனுக்கு அது மறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ஏணி. ஊர் அப்படித்தான் சொல்கிறது, மகள் சொல்லாமல் சொல்கிறாள், டாட்டி பதினாறு வருஷமாகச் சொல்கிறாள். அந்த ஏணி இன்னும் அவள் கார் கொட்டகையில் தொங்குகிறது. தொடவும் விடமாட்டாள், எறியவும் விடமாட்டாள். கூரைக் குழாயில் செடியே முளைத்துவிட்டது.

அணியிலேயே பெரிய கேலி இதுதான், எழுபத்தெட்டில் பிராண்ட் படம் போட்டுக் காட்டிக்கொண்டே நிறுத்திவிட்டு, "கோசக்கைப் பாருங்கடா. இந்த வருஷம் முழுக்க இவன் தரையில் கிடந்து நான் பார்த்ததே இல்லை. விசில் அடிச்சா எழுந்து நிக்கிறான்! நீங்களும் இருக்கீங்களே," என்றார். எல்லாரும் வால்ட்டைப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் புரொஜக்டருக்குப் பின்னால் நின்றேன். வால்ட் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். என் வெட்டு ஒரு மனிதனைத் தூக்கி நிறுத்தியது, ஒட்டிய இடம் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவன் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு துண்டில் கட்டியிருக்கிற ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருக்கிறான். ஒன்றில் வாந்தி. ஒன்றில் ஸ்கோர் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறான், ஆட்டம் தொடங்கக் கிளாரன்ஸ் வந்து தலைக்கவசத்தைப் பிடித்து இழுக்கிற வரை. மொத்தம் பத்தொன்பது. அந்த மூன்று பருவத்தில் ஒரே ஒரு துண்டை நான் வெட்டாமல் விட்டிருந்தால் பிராண்ட் பார்த்திருப்பார், கழித்தல் போட்டிருப்பார், செவ்வாய்க்கிழமை உதவியாளர் வந்திருப்பார். வால்ட் ஆட்டப் புத்தகத்தோடு வீட்டுக்குப் போயிருப்பான். கடைசித் துண்டு எழுபத்தொன்பது டிசம்பர் பதினாறு. அதில் ஒன்றுமே நடக்கவில்லை. விசில், எழுந்திருக்கிறான், அண்ணாந்து கூரையில் இருக்கிற கேமராவைப் பார்க்கிறான், அதாவது என்னைப் பார்க்கிறான், கையைத் தூக்கி இரண்டு விரல் காட்டுகிறான். கேலியா? அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். சிரித்துக்கொண்டேதான் வெட்டினேன்.

பதினொன்று. கிளாரன்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய்விட்டான். கைத்தடியை இடது கைக்கு மாற்றி, குனிந்து, வால்ட்டின் காதில் ஏதோ சொல்கிறான். விரல் கதையாக இருக்கும். சற்று முன் டாட்டி அவனிடமும் சொன்னாள். கிளாரன்ஸ் தலையை ஆட்டினான், மறுக்கவில்லை. இனி யோசித்துப் பயனில்லை என்று யோசிக்கிறேன். கொடுத்தால் என்ன ஆகும்? அவள் ஏணியிலிருந்து இறங்குவாள். அந்த இடத்தில் நான் ஏறுவேன். அது நியாயம்தான். ஆனால் அவள் வேறொன்றையும் இழப்பாள்: அவள் நினைத்துக்கொண்டிருக்கிற அந்த நல்ல வருஷங்களை. மூன்று பருவம் வால்ட் மகிழ்ச்சியாக வீட்டுக்கு வந்தான் என்று நம்புகிறாள். பொல்கா மண்டபத்துக்குப் போயிருந்தான் என்று நம்புகிறாள். நிலவறையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எனக்கும் அவை நல்ல வருஷங்கள்தானே. என் நல்ல வருஷங்களும் இந்த டப்பாவுக்குள்தானே இருக்கின்றன. எழுபத்தொரு வயதில் அதை எடுத்து ஒரு பெண்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு வீட்டில் போய் எதை நினைத்துக்கொண்டு உட்காருவேன்? ஹோவர்ட், கோசக், பிளங்கெட். டி. டிமார்க்கோ. ஆல்ஸ்டன். வந்துவிட்டது.

நாலு பேர். "வந்ததுக்கு நன்றி. நான்தான் ஏறச் சொன்னேன்." மூன்று. எப்சியின் முழங்கை டப்பாவின்மேல் அப்படியே இருக்கிறது. "வந்ததுக்கு நன்றி, ஃபாதர். நான்தான் ஏறச் சொன்னேன், உங்களுக்குத் தெரியும்." பாதிரியார் ஏதோ வசனம் சொல்கிறார். எப்சி என் பக்கம் திரும்பாமல், உதடு அசையாமல், "கேட்டியளா," என்கிறாள். "எல்லாருட்டயும் சொல்லுதா. போற வாற ஒவ்வொருத்தருட்டயும் சொல்லுதா." "ம்." "வீட்டுல போயி சுவத்துக்கிட்டயும் சொல்லுவா." பிறகு தன் கையை என் கையிலிருந்து எடுத்துக்கொள்கிறாள். பையின்மேல் இருந்த பாரம் போகிறது. அவள் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்க்கிறாள். நாற்பது வருஷத்து ஒரே தோழி. ஒருவர்.

டாட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறாள். அவள் கை ஜில்லென்று இருக்கிறது. "ஹாலிவுட். வந்துட்டியா. எப்சி. நான்தான் ஏறச்..." "டாட்டி, ஏணி இல்லை," என்கிறேன். என் குரல் எனக்கே செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது. அவள் நிறுத்திவிட்டாள். பதினாறு வருஷத்தில் அந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியது இதுதான் முதல் தடவையாக இருக்கும். டப்பாவை எடுத்தேன், மூடி இறுகியிருந்தது, நகத்தால் நெம்பித் திறந்தேன். உடனே வாடை வந்தது. வெளி முனையைப் பிரித்து ஒரு முழம் அவள் கையில் கொடுத்தேன். அவள் ஆட்டக்காரன் மனைவி. பதினோரு வருஷம் படச்சுருளைப் பார்த்தவள். ஒன்றும் கேட்காமல் ரோஜா விளக்குக்கு நேரே பிடித்தாள். வெள்ளை டேப்பில் தேதியைப் படித்தாள். அப்புறம் ஒவ்வொரு கட்டமாகக் கண்ணை நகர்த்தினாள். கறுநீலச் சட்டைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சட்டை, கட்டைவிரல் நகத்தளவுகூட இல்லை. அவள் கண்டுபிடித்துவிட்டாள். "இது அவங்க வட்டம்," என்றாள். "ஆமா." "இவன் அங்கே என்ன செய்றான்?" பின்னால் யாரோ இருமினார்கள். "இந்த மாதிரி எத்தனை?" "பத்தொன்பது. எழுபத்தொன்பது டிசம்பர் வரை." "பிராண்ட் பார்த்தாரா?" "யாரும் பார்க்கலை. வெட்டிட்டேன்." "வால்ட் கேட்டானா?" "முதல் தடவை கேட்டான்." "அப்புறம்?" "அப்புறம் நானே." அவள் ஃபிலிமை இறக்கி, சுருளைச் சரியாக, தளர்வில்லாமல், சுற்றத் தெரிந்தவள் சுற்றுவதுபோல் சுற்றி டப்பாவில் வைத்து மூடினாள். மூடியைக் கட்டைவிரலால் சுற்றி வந்து அழுத்தினாள். கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் பார்க்கட்டும் என்று நின்றேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அதை மட்டும் நான் எண்ணவில்லை. பிறகு எப்சியை ஒரு தரம் பார்த்தாள். எப்சி, "டாட்டி," என்றாள். டாட்டி எங்களைத் தாண்டி அடுத்தவருக்குக் கை நீட்டினாள்.

வால்ட்டின் முகத்துக்குப் பவுடர் அதிகம். நெற்றியில் முட்டி முட்டிக் கறுத்துப்போன அந்தத் தழும்பைக்கூட மூடியிருந்தார்கள். என் காது மட்டும் பின்னாலேயே இருந்தது. எனக்கு அடுத்தவர் ஆலைக்காரக் கிழவர். அவர் டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ முனகினார். நான் காத்திருந்தேன், எப்சியும் காத்திருந்தாள். "வந்ததுக்கு நன்றி," என்றாள் டாட்டி. கிழவர் இன்னும் எதையோ எதிர்பார்ப்பதுபோல் நின்றார். "வந்ததுக்கு நன்றி," என்றாள் மறுபடியும், அவ்வளவுதான், அடுத்தவர் கையைப் பிடித்தாள். வெளியே வந்தபோது மணி ஐந்து மூன்று. எப்சி கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள். "மெதுவா ஓட்டுங்க, பனி விழுந்திருக்கு," என்றாள்.

அந்த வருஷம் டாட்டியிடமிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. மீதியை எங்களுக்குக் கிளாரன்ஸ்தான் தொலைபேசியில் சொன்னான். 2013 மே 18, சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தன் கூரைக் குழாயைச் சுத்தம் செய்ய ஏணி கேட்டார். டாட்டி கோசக் கொடுத்தார்.